கைமுக்கும் மூளை அலையும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே வரும் பழைய சாலை நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்கும் அதற்கு அப்பால் சுசீந்திரத்துக்கும் போகிறது. பாறசாலைக்கு அருகே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது காரோடு. கழக்கூட்டத்தில் தொடங்கும் புறவழிச் சாலை வந்து முடியும் இடம் என்றே இன்று பலரும் அந்த ஊரை அறிவார்கள். அங்கே ஓடும் எல்லைக் கோட்டுக்கு வயது அதிகமில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழரும் வாழ்ந்த நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அதற்கு முன் காரோட்டுக்காரருக்கும் சுசீந்திரத்துக்காரருக்கும் அரசர் ஒருவர், நீதி முறையும் ஒன்று. எனவே இந்த எல்லைக் கிராமங்களின் நீதி வரலாற்றைப் பேச வேண்டுமானால் சுசீந்திரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இந்திரன் கொதிநெய்யில் மூழ்கித் தன் பாவத்தைத் தீர்த்துக்கொண்டான் என்பது தலபுராணம். அந்த நம்பிக்கையின் மேல் எழுந்த வழக்கம் கைமுக்கு. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளை அங்கே கொண்டுவந்து, கொதிக்கும் நெய்யில் கையை விட்டு உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்கச் சொல்வார்கள். பிறகு கையைக் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். தோல் வெந்திருந்தால் குற்றவாளி, வேகாதிருந்தால் நிரபராதி. வரலாற்றாசிரியர் கே.கே. பிள்ளை சுசீந்திரம் கோயிலைப் பற்றி எழுதிய பெரிய ஆய்வு இந்த வழக்கத்தையும் பதிவு செய்திருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதி திருநாளின் ஆட்சியில் (1829–1846) கைமுக்கு ஒழிக்கப்பட்டது. ஆனால் அதை நடத்திய ஆசை ஒழியவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வாய் சொல்வதை நம்பாமல், சாட்சியைத் தேடி அலையவும் செய்யாமல், அவர் உடம்பையே கேட்டுத் தீர்ப்பை வாங்கிவிடலாம் என்ற அந்த ஆசை, நம் காலத்தில் மூளையின் மின்னலைகளை அளக்கும் கருவியாக மீண்டும் நீதிமன்ற வாசலுக்கு வந்தது. அந்தக் கருவி அளக்கும் அலை உண்மையானது. அந்த அலையிலிருந்து குற்றத்தைப் படிக்கலாம் என்பதுதான் தவறு. கைமுக்கின் தவறும் இதுவே. உடம்பின் எதிர்வினைக்கும் குற்றத்துக்கும் இடையே இருக்கும் தூரத்தை இரண்டுமே கவனிக்காமல் தாண்டிவிடுகின்றன.

இப்படி உடம்பைக் கேட்ட முறைகள் பல. காசியில் தலைமை நீதிபதியாக இருந்த அலி இப்ராஹிம் கான் எழுதிய ஒரு கட்டுரை, வங்காள ஆசியவியல் கழகத்தின் ஆய்வு வரிசையின் முதல் தொகுதியில் வெளிவந்தது. தராசு, நெருப்பு, நீர், நஞ்சு, கொதி எண்ணெய் என்று ஒன்பது வகைச் சோதனைகளை அவர் அதில் வரிசைப்படுத்துகிறார். பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையைக் கையில் ஏந்தும் சோதனை 1783-ல் காசியில் நடந்ததையும் விவரிக்கிறார். அந்த ஒன்பதில் இங்கே முக்கியமானது அரிசிச் சோதனை. சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் அரிசியை மென்று துப்ப வேண்டும். அரிசி உலர்ந்து வந்தாலோ இரத்தம் படிந்து வந்தாலோ அவரே குற்றவாளி. இதைத் தெய்வ நம்பிக்கை என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாது. பயந்தால் எச்சில் வற்றும் என்பது உடலியல் உண்மை. அரிசிச் சோதனை உண்மையான ஓர் உடல் மாற்றத்தைத்தான் பிடித்தது. ஆனால் பொய் சொல்பவருக்கு வாய் உலர்வது போலவே, ஊரார் முன் பழி சுமந்து நிற்கும் நிரபராதிக்கும் வாய் உலரும். சோதனை அச்சத்தை அளந்தது. தீர்ப்போ குற்றத்துக்கு எழுதப்பட்டது.

திருவிதாங்கூர் இந்த இடைவெளியை எப்படிக் கடந்தது என்பது கவனிக்கத்தக்கது. கைமுக்கு ஒழிந்த அதே ஆட்சிக் காலத்தில்தான், கொல்லம் ஆண்டு 1010-ல், அதாவது 1834–35-ல், எழுத்து வடிவச் சட்டத் தொகுப்பும் முன்சீப் நீதிமன்றங்களும் அந்த நாட்டில் வந்தன. வழக்கை எழுத்தில் வாங்குவது, சாட்சியை விசாரிப்பது, காரணம் சொல்லித் தீர்ப்பது என்ற முறை கோயில் வாசலில் நடந்த சோதனையின் இடத்தைப் பிடித்தது. நெய்யின் சூட்டை இன்னும் சரியாகக் கணிக்கவோ, கொப்புளத்தை இன்னும் நுட்பமாகப் பார்க்கவோ யாரும் முயலவில்லை. கேள்வியே உடம்பிடமிருந்து விலகி, நடந்த சம்பவத்தை நோக்கித் திரும்பியது. அளவையைத் திருத்துவது ஒரு வேலை, கேள்வியைத் திருத்துவது வேறு வேலை என்பதை அந்த மாற்றம் காட்டுகிறது.

எல்லைக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் உடம்பைக் கேட்பது வேறு வடிவில் நடந்தது. அதை விசாரிக்க 1854-ல் நியமிக்கப்பட்ட சித்திரவதை விசாரணைக் குழு 1855-ல் அறிக்கை கொடுத்தது. விரல்களை மரத்துண்டுகளுக்கிடையே நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிப் போடும் அண்ணாந்தாள் முதலியவை வரி வசூலுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் பயன்பட்டதை அது பதிவு செய்தது. பிறகு 1861-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு விதி வந்தது. அது 1872-ன் சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. ஆனால் அதன்வழி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும் ஏற்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமமும் இதைக் கைவிடவில்லை. காவலில் இருக்கும் உடம்பிலிருந்து எடுக்கப்படும் சொல்லை நம்பாதே என்பது இந்த மண்ணின் வேதனையிலிருந்து பிறந்த விதி. மூளை அலைச் சோதனையை இந்த விதியின் வெளிச்சத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இனி அந்த அலையைப் பார்ப்போம். 1875-ல் லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் முயல்களின், குரங்குகளின் மூளையில் மின்னோட்டம் இருப்பதைக் கால்வனோமீட்டரால் கண்டார். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மண்டையின் மேலிருந்து அதைப் பதிவு செய்து, ஐந்தாண்டு தயங்கி 1929-ல் வெளியிட்டார். இன்று மருத்துவமனைகளில் நாம் அறியும் இ.இ.ஜி. அதுதான். அடுத்த பெரிய அடி 1965-ல் விழுந்தது. சாமுவேல் சட்டனும் மூன்று சக ஆய்வாளர்களும் நியூயார்க்கில் ஒரு செய்தியைக் கவனித்தார்கள். அடுத்து வரப்போகும் தூண்டல் எது என்று நிச்சயமில்லாதபோது, அது வந்த பிறகு ஏறத்தாழ 300 மில்லிநொடியில் மூளையின் பதிவில் ஒரு நேர்மின் மேடு எழுகிறது. பி300 என்று அதற்குப் பெயர் வந்தது. ஒரே மாதிரி ஒலி வந்துகொண்டே இருக்கும்போது இடையில் அரிதாக ஒரு மாற்று ஒலி வந்தால் இந்த மேடு எழும். 1975-ல் ஸ்குவயர்ஸ் இணையரும் ஹில்யார்டும் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். எதிர்பாராத ஒன்று கவனத்தைத் தானாகப் பறிக்கும்போது மண்டையின் முன்பக்கம் சார்ந்து சற்று முன்னதாக எழுவது ஒன்று. தேடிக்கொண்டிருந்த பொருள் கிடைக்கும்போது பின்பக்கம் சார்ந்து எழுவது மற்றொன்று. மூளையின் முன்பகுதி சேதமடைந்தவர்களுக்குப் புதுமைக்கு எழும் அலை தேய்ந்துபோவதை 1984-ல் ராபர்ட் நைட் கண்டார்.

இந்த அலையின் அளவு மிகச் சிறியது. பத்து, இருபது மைக்ரோவோல்ட் என்ற கணக்கில்தான் வரும். கைவிளக்குப் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மூளையின் மற்ற ஓட்டங்களும், கண் இமைப்பும், தாடைத் தசையின் இறுக்கமும் இதைவிடப் பெரிய சலனங்களை உண்டாக்கும். அதனால் ஒரே தூண்டலைப் பலமுறை கொடுத்து, பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால்தான் அலை தெளியும். அப்படித் தெளிந்த பிறகு அது சொல்வது ஒன்றே ஒன்று: மற்றவற்றைப் போல் அல்லாமல் இந்தத் தூண்டலை மூளை தனித்துக் கவனித்தது. ஏன் கவனித்தது என்பதற்கு அலையில் பதில் இல்லை. தெரிந்ததாக இருக்கலாம், புதிதாக இருக்கலாம், அச்சமூட்டியதாக இருக்கலாம், வெறுமனே அரிதாக இருக்கலாம். தன் பெயரைக் கேட்டாலே அலை எழும்.

இந்த ஒற்றைச் செய்தியைக் கொண்டு ஆய்வாளர் இருவரே இரண்டு கருவிகளையும் செய்தார்கள் என்பது இவ்வரலாற்றில் ஆழ்ந்து யோசிக்க வேண்டிய இடம். 1988-ல் லாரன்ஸ் ஃபார்வெல், இமானுவேல் டொன்சின் இருவரும் எழுத்துகளைக் கட்டங்களில் அடுக்கித் திரையில் மின்னச் செய்தார்கள். நோயாளி தான் விரும்பும் எழுத்தை மனதில் வைத்துக் கவனித்தால், அது மின்னும்போது பி300 எழும். அதைக் கொண்டு கணினி எழுத்தைக் கண்டுபிடிக்கும். உடல் முழுதும் செயலிழந்து பேச முடியாமல் கிடப்பவருக்கு அது வாய் கொடுத்தது. 1991-ல் அதே இருவர் அதே அலையைக் கொண்டு, ஒருவர் மறைக்கும் செய்தியைக் கண்டறியும் சோதனையை வெளியிட்டார்கள். குற்றவாளிக்கு மட்டும் தெரிந்த விவரம் திரையில் வந்தால் அலை எழும், நிரபராதிக்கு எழாது என்பது அதன் அடிப்படை. முதல் கருவியில் மனிதர் பேச விரும்புகிறார், அலை அவர் விருப்பத்துக்குக் கீழ்ப்படிகிறது. இரண்டாவதில் மனிதர் மௌனமாக இருக்க விரும்புகிறார், அலை அவரை மீறி எடுக்கப்படுகிறது. அலை மாறவில்லை. அதன் உரிமையாளர் மாறிவிட்டார்.

இந்தியா இந்த இரண்டாவது பாதையில் மற்ற நாடுகளைவிட வேகமாக நடந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற சி.ஆர். முகுந்தன் உருவாக்கிய பியோஸ் என்ற முறை, குஜராத்தின் காந்திநகர் தடயவியல் இயக்ககத்தில் வேரூன்றியது. மின்முனைகள் பொருத்திய தொப்பியை அணிந்து, கண்ணை மூடி, சந்தேக நபர் பேசாமல் அமர்ந்திருப்பார். குற்றத்தைத் தானே செய்ததாகச் சொல்லும் தன்மை ஒருமை வாக்கியங்கள் ஒவ்வொன்றாக அவர் காதில் ஒலிக்கும். கேள்விப்பட்ட செய்தியையும் செய்து அனுபவித்த செயலையும் அலைகளிலிருந்து மென்பொருள் பிரித்துவிடும் என்பது கூற்று. நீதிமன்றங்களும் கதவைத் திறந்தன. 2004-ல் மும்பை உயர் நீதிமன்றமும், 2006-ல் ஒரு பங்கு மோசடி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் இத்தகைய சோதனைகளுக்கு இடம் கொடுத்தன. 2008 ஜூன் 12 அன்று புனே அமர்வு நீதிமன்றம், விஷம் கலந்த பிரசாதத்தால் நடந்த ஒரு கொலை வழக்கில், பியோஸ் முடிவையும் சான்றாக ஏற்று ஆயுள் தண்டனை விதித்தது. உலகெங்கும் நரம்பியலாளர்கள் அதிர்ந்தார்கள். அதே ஆண்டில் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு, இந்த முறைகளுக்குப் போதிய அறிவியல் அடித்தளம் இல்லை, இவற்றை நீதிமன்றச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்ற முடிவுக்கு வந்தது. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவரும், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் இடுப்பு வெடிகுண்டின் அமைப்பைக் கண்டறிந்தவருமான பி. சந்திரசேகரன், மயக்க மருந்து கொடுத்துப் பேச வைக்கும் நார்கோ சோதனையைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். எதிர்ப்பு அறிவியலுக்கு வெளியே நின்றவர்களிடமிருந்து வரவில்லை, அதன் உள்ளிருந்தே வந்தது.

கைமுக்கு மூடநம்பிக்கை, மூளை அலை அறிவியல், இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா என்பது முதல் மறுப்பு. நெய்க்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை. நினைவுக்கும் மூளை அலைக்கும் தொடர்பு உண்டு. இந்த வேறுபாடு உண்மை, பெரியது. ஆனால் அலை உண்மை என்பதால் அதிலிருந்து எடுக்கும் முடிவும் உண்மையாகிவிடாது. காரோடு போன்ற ஒரு கிராமத்தில் கொலை நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்போம். மாலைக்குள் தேநீர்க் கடைகளில் எந்த ஆயுதம், எந்தத் தோட்டம், எந்தக் கிணறு என்பதெல்லாம் பேசித் தீர்ந்திருக்கும். தொலைக்காட்சி சம்பவ இடத்தைப் பலமுறை காட்டியிருக்கும். பிடிபட்டவரிடம் போலீசும் அதே விவரங்களைக் கேட்டுத் துருவியிருக்கும். குற்றவாளிக்கு மட்டும் தெரிந்த விவரம் என்று பிறகு எது மிஞ்சும்? மொழியும் இருக்கிறது. அங்கே வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழ்வோர் உண்டு. வழக்கு நாட்குறிப்பு மொழியில் எழுதிய வாக்கியத்தில் பழக்கமில்லாத ஒரு சொல் வந்தால், அந்தப் புதுமையே கவனத்தைப் பறித்து அலையை எழுப்பக் கூடும். அது குற்ற நினைவின் அலையா, சொல்லின் அந்நியத்தால் எழுந்த அலையா என்று பிரிக்கும் திறன் எந்தக் கருவிக்கும் இல்லை. மறுபுறம், தெரிந்தவர் தப்பவும் முடியும். பீட்டர் ரோசன்ஃபெல்டும் உடனிருந்தோரும் 2004-ல் காட்டியபடி, தொடர்பில்லாத தூண்டல்கள் வரும்போது ரகசியமாக விரலை அழுத்துவது, காலணிக்குள் கால்விரலை அசைப்பது போன்ற எளிய தந்திரங்களால் சோதனையைக் குலைக்கலாம். பயிற்சி பெற்றவன் வெளியே போவான், பதறுகிறவன் மாட்டுவான். அரிசிச் சோதனையின் நிலையும் இதுதான்.

இரண்டாவது மறுப்பு மனிதநேயத்தின் பெயரால் வருகிறது. லத்தியைவிடத் தொப்பி மேல் அல்லவா, வலியில்லாத சோதனை வந்தால் அடி உதை குறையும் அல்லவா என்பது. அடி குறைய வேண்டும் என்பதில் யாருக்கும் இரு கருத்து இருக்க முடியாது. ஆனால் 1855-ன் அறிக்கையிலிருந்து சட்டம் கற்ற பாடம் வலியைப் பற்றியது மட்டுமல்ல. சாட்சியச் சட்டத்தை வடித்த ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், காவலர் ஏன் வதைக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணத்தைப் பதிவு செய்தார்: வெயிலில் அலைந்து சான்று தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஒருவர் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்ப்பது சுலபம். நோயின் வேர் விசாரணையின் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு வலியில்லாத வழி கிடைத்தால் வேர் செழிக்கும், அறுபடாது. மேலும், ‘மூளையே காட்டிக் கொடுத்துவிட்டது’ என்று காவலில் இருப்பவரிடம் சொல்வதே ஒப்புதலை வாங்கும் புதிய நெருக்கடியாக மாறும்.

கைரேகை எடுக்கிறோம், இரத்தம் எடுக்கிறோம், டி.என்.ஏ. பார்க்கிறோம், மூளை அலை மட்டும் ஏன் விலக்கு என்பது மூன்றாவது மறுப்பு, இருப்பவற்றில் வலுவானது. விரல்ரேகை தருவது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்று 1961-ல் காத்தி காலு ஓகாட் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறியது. ஆனால் ரேகை, ஒப்பிடுவதற்கான பொருள்; சம்பவ இடத்தில் கிடைத்த வேறொரு ரேகையோடு சேரும்போதுதான் அதற்குப் பொருள் பிறக்கிறது. மூளை அலையில் தேடப்படுவதோ ஒருவர் அறிந்ததை, நினைப்பதை. அது வாயால் சொல்லாத வாக்குமூலம். 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் கேரளத்தவரான தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வு இந்தக் கோட்டைத்தான் வரைந்தது. விருப்பமின்றி நடத்தும் நார்கோ, பாலிகிராஃப், மூளை மின்செயல் சோதனைகள் அரசியல் சாசனத்தின் 20(3), 21 பிரிவுகளுக்கு எதிரானவை. விரும்பிச் செய்துகொண்டாலும் முடிவு மட்டுமே சான்றாகாது. அதன்வழி பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளைச் சட்டப்படி ஏற்கலாம். 2025 ஜூனிலும் பீகார் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது.

நிரபராதியை இந்தச் சோதனை காப்பாற்றினால் என்ன என்று கேட்பவர்கள், ஃபார்வெல்லின் சோதனைக்கு உட்பட்ட ஐயோவா மாநிலக் கைதி ஒருவர் பல்லாண்டு சிறைக்குப் பின் 2003-ல் தண்டனை நீங்கப் பெற்றதைச் சுட்டுவார்கள். அவர் தண்டனையை நீக்கியது மாநில உச்ச நீதிமன்றம். ஆனால் தீர்ப்புக்கு அடிப்படையானது மூளை அலை அல்ல. வேறொருவர் மீது சந்தேகத்தைக் காட்டிய போலீஸ் அறிக்கைகளை அரசுத் தரப்பு மறைத்ததே அடிப்படை. காகிதத்தில் இருந்த சான்றைத் தேடிக் கண்டெடுத்ததே அவருக்கு விடுதலை தந்தது. ஒருவர் தானே கேட்டு, வழக்கறிஞர் துணையோடு, நீதித்துறை நடுவர் முன் சம்மதம் பதிவு செய்து தன் பொருட்டுச் சோதனை செய்துகொள்வதைத் தடுக்க வேண்டியதில்லை. காவல் அறையில் கேட்கப்படும் சம்மதம் அந்த வகையைச் சேராது. மறுத்தால் குற்றவாளி என்று பேசப்படும் இடத்தில் சம்மதம் என்பது பெயரளவில்தான் இருக்கும். 2010 தீர்ப்புக்குப் பிறகும் சம்மதத்தின் பெயரால் சந்தேக நபர்கள் காந்திநகருக்கு அனுப்பப்படுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூளை அலையை அளக்கும் அறிவு வேண்டாம் என்பது இந்த வாதத்தின் முடிவல்ல. காரோட்டுக்காரர் எளிதில் போய்ச் சேரக்கூடிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், 1990-களிலிருந்து வலிப்பு நோய்க்கான விரிவான சிகிச்சை நடக்கிறது. வலிப்பு மூளையின் எந்த மூலையில் தொடங்குகிறது என்பதை அலைகளைக் கொண்டு நெருங்கி, வேறு படங்களோடும் நோயாளியின் வரலாற்றோடும் ஒப்பிட்டுத்தான் அங்கே அறுவை சிகிச்சையை முடிவு செய்கிறார்கள். அங்கே அலை பல சான்றுகளில் ஒன்று. அது தவறாகப் படிக்கப்பட்டால் திருத்த மற்றவை இருக்கின்றன. அது யாருடைய மூளையோ அவருடைய நலனுக்காகவே படிக்கப்படுகிறது. இந்த மூன்று நிபந்தனைகளும் விசாரணை அறையில் இல்லை. அங்கே அலை தனித்து நிற்கிறது, திருத்த யாருமில்லை, உடையவருக்கு எதிராகவே படிக்கப்படுகிறது. ஆகவே சட்டம் செய்ய வேண்டியது தெளிவு. காவலில் இருப்பவரிடம் இந்தச் சோதனையைக் கோரும் வழக்கத்தையே விட்டுவிட வேண்டும். அதற்குச் செலவாகும் பணமும் காலமும் சம்பவ இடத்துத் தடயங்களைச் சேகரிக்கும் பயிற்சிக்கும், சாட்சிகளின் பாதுகாப்புக்கும் போக வேண்டும். திருவிதாங்கூர் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் கைமுக்கை விட்டு முன்சீப் நீதிமன்றத்துக்கு நகர்ந்தபோது எடுத்த முடிவு இதுவே. அதைவிடக் குறைந்த நீதியை இந்த நூற்றாண்டு ஏற்க எந்த நியாயமும் இல்லை.